பொறியாளர் கற்க வேண்டிய மூன்று கணக்குகள்

“மகன் பொறியியல் படித்து முடித்துவிட்டான், நல்ல தொழிற்சாலையில் வேலையும் கிடைத்துவிட்டது, இனி அவனுக்குப் படிப்பு எதற்கு?” என்று மன நிறைவோடு கூறும் பெற்றோர் நம்மிடையே பலர் உளர். அவர்கள் கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. நகையை அடகு வைத்தும், நிலத்தின் மீது கடன் வாங்கியும் நான்கு ஆண்டுகள் படிக்க வைத்தவர்கள் அல்லரோ அவர்கள்! ஆயின், எட்டோ பத்தோ ஆண்டுகள் கழிந்த பின்னர் அதே மகன், “வேலையில் இருந்துகொண்டே மேற்படிப்பு ஒன்றில் சேரலாம் என்று எண்ணுகிறேன்” என்று கூறும்போது இல்லத்தார் திகைப்படைகின்றனர். மனைவிக்கு ஒரு கவலை. தாய்க்கு ஒரு கவலை. பழைய கடன் தீர்ந்ததே என்று ஆறுதல் அடைந்திருந்த தந்தைக்கு வேறொரு கவலை. மகளோ மருமகளோ இவ்வாறு கூறிவிட்டால், அக்கவலை இரு மடங்காகிவிடுகிறது.

பணியிலுள்ள பொறியாளர்கள் நாடும் இத்தகைய மேற்படிப்புகளுள் ஒன்று பொறியியல் மேலாண்மை. அது எத்தகைய படிப்பு? யாருக்குத் தேவை? வேலையையும் இல்லத்தையும் கைவிடாமல் அதனைக் கற்க இயலுமா? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வோம்.

தேவை எங்கே பிறக்கிறது?

கல்லூரியிலிருந்து வெளிவரும் இளம் பொறியாளரிடம் தொழிற்சாலை ஓர் இயந்திரத்தை ஒப்படைக்கிறது. அது ஏன் அதிர்கிறது, எங்கே சூடேறுகிறது, எப்போது எண்ணெய் மாற்ற வேண்டும் என்பனவற்றை அவர் விரைவில் கற்றுத் தேர்கிறார். இயந்திரம் எதையும் ஒளிப்பதில்லை. அளவுக்கருவியை வைத்தால் உள்ளதை உள்ளவாறே காட்டிவிடும். அவருடைய திறமையைக் கண்ட நிர்வாகம் சில ஆண்டுகளில் அவரை உயர்த்துகிறது. இப்போது அவரிடம் ஒப்படைக்கப்படுவன வேறு: நாற்பது தொழிலாளர், ஓர் ஆண்டுக்குரிய செலவுத் திட்டம், முடித்தே தீர வேண்டிய ஒரு தேதி.

இடர் தொடங்குவது இங்கேதான். எஃகின் வலிமையையும், வெப்பத்தின் விதிகளையும், மின்னோட்டத்தின் போக்கையும் கற்பித்த கல்லூரி, திறமையான தொழிலாளி ஒருவர் திடீரென வாய் மூடிக்கொண்டது ஏன் என்பதைக் கற்பிக்கவில்லை. இன்று செலவிடும் ஒரு ரூபாய்க்கும் ஐந்து ஆண்டுகள் கழித்து வரும் ஒரு ரூபாய்க்கும் உள்ள வேறுபாட்டை விரிவாகச் சொல்லித்தரவில்லை. மேலதிகாரியிடம் “இது இயலாது” என்று கூறவேண்டிய வேளையில் எவ்வாறு கூறுவது என்பதையும் சொல்லித்தரவில்லை. சிறந்த பொறியாளர் ஒருவரை உயர்த்தப்போய், அந்தப் பொறியாளரை இழந்து, மனச்சோர்வுற்ற மேலாளர் ஒருவரைப் பெற்ற தொழிற்சாலைகள் உண்டு.

இக்குறையை நிரப்ப எழுந்ததே பொறியியல் மேலாண்மை என்னும் முதுநிலைப் படிப்பு. எம்.டெக். படிப்பு பொறியியலின் ஒரு துறையில் ஆழ்ந்து செல்கிறது. எம்.பி.ஏ. படிப்பு வணிகம் முழுவதையும் அகன்று நோக்குகிறது. இவ்விரண்டிற்கும் இடையில் நிற்பது பொறியியல் மேலாண்மை. தொழில்நுட்பத்தை அறிந்தவரே அத்தொழில்நுட்பத்திற்காகச் செலவாகும் பணத்துக்கும், காலத்துக்கும், உழைக்கும் மனிதருக்கும் பொறுப்பேற்கக் கற்பது அதன் நோக்கம். பணம், காலம், மனிதர் ஆகிய இம்மூன்று கணக்குகளே அப்படிப்பின் சாரம் எனலாம்.

பொறியாளர்களே தொடங்கிய கலை

மேலாண்மை என்பது வணிகர்கள் கண்டுபிடித்த கலை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அதன் தொடக்கத்தில் நிற்பவர்களுள் பலர் பொறியாளர்களே. 1886-ஆம் ஆண்டு சிகாகோ நகரில் கூடிய அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் ஹென்றி டவுன் என்பவர் ஒரு கட்டுரை படித்தார். யேல் பூட்டுகளைச் செய்யும் புகழ்பெற்ற நிறுவனத்தின் தலைவர் அவர். பொறியாளன் பொருளியல் அறிந்தவனாகவும் இருத்தல் வேண்டும், தொழிற்சாலையை நடத்துவது பொறியியலுக்கு நிகரான முக்கியத்துவம் உடையது என்பது அவர் வாதம்.

அதே காலத்தில் வாழ்ந்தவர் பிரெடரிக் டெய்லர். 1878-இல் பிலடெல்பியாவின் மிட்வேல் எஃகு ஆலையில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்து, படிப்படியாக அதன் தலைமைப் பொறியாளர் வரை உயர்ந்தவர். ஆலையில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் வீட்டிலிருந்து படித்து, 1883-ஆம் ஆண்டு ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். வேலையும் படிப்பும் கைகோத்துச் செல்லக்கூடும் என்பதற்கு அவர் வாழ்க்கை அன்றே ஒரு சான்று.

பிரான்சு நாட்டின் ஹென்றி ஃபயோல் சுரங்கப் பொறியாளர். 1860-இல், பத்தொன்பது வயதில், கொமான்ட்ரி நிலக்கரிச் சுரங்கத்தில் பணியேற்றார். நொடித்துப் போகும் நிலையிலிருந்த அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை 1888-இல் ஏற்று அதனை நிமிர்த்தினார். தம் நெடிய பணியின் பட்டறிவைத் திரட்டி 1916-இல் நிர்வாகம் பற்றிய நூலை வெளியிட்டார். பொறியியல் பள்ளிகள் கணிதத்தை அளவுக்கு மீறிப் புகட்டுகின்றன, நிர்வாகத்தையோ கற்பிப்பதே இல்லை என்று அவர் குறை கூறினார்.

இக்குரல்கள் வீண்போகவில்லை. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1914-ஆம் ஆண்டிலேயே பொறியியல் நிர்வாகம் என்னும் பாடப்பிரிவைத் தொடங்கியது. மிசூரி மாநிலத்தின் ரோலா நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் 1967-இல் பொறியியல் மேலாண்மைக்கெனத் தனித் துறையே பிறந்தது. 1979-இல் இத்துறைக்கென ஒரு தேசியச் சங்கமும் அந்நாட்டில் அமைந்தது. நம் நாட்டில் 1963-ஆம் ஆண்டு, அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் உதவியுடன், பம்பாயில் தேசியத் தொழிற்பொறியியல் பயிற்சிக் கழகம் நிறுவப்பெற்றது. அதுவே 2023-இல் மும்பை இந்திய மேலாண்மைக் கழகமாக மாறியுள்ளது.

முதற் கணக்கு: பணம்

இப்படிப்பில் பணத்தைப் பற்றி என்ன கற்பிக்கின்றனர்? எளிய எடுத்துக்காட்டு ஒன்றால் விளக்குவோம்.

ஒரு தொழிற்சாலைக்குப் புதிய இயந்திரம் வேண்டும். முதல் இயந்திரத்தின் விலை 10 லட்சம் ரூபாய். அது ஆண்டுக்கு 3 லட்சம் வீதம் ஐந்து ஆண்டுகள் செலவை மிச்சப்படுத்தும். இரண்டாவதன் விலை 16 லட்சம். அது ஆண்டுக்கு 4 லட்சத்து 25 ஆயிரம் மிச்சப்படுத்தும். எதை வாங்குவது? வெறும் கூட்டல் கழித்தலில் முதலாவது 5 லட்சமும், இரண்டாவது 5 லட்சத்து 25 ஆயிரமும் இலாபம் தருகின்றன. எனவே இரண்டாவதே மேல் என்று தோன்றும்.

ஆனால் அப்பணம் வானத்திலிருந்து விழுவதன்று. நூற்றுக்கு 12 வட்டியில் வங்கி தந்தது என்று கொள்வோம். ஐந்தாம் ஆண்டின் இறுதியில் வரும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு அப்போது ஏறத்தாழ 57 காசுகளே. ஒவ்வோர் ஆண்டின் வரவையும் இவ்வாறு இன்றைய மதிப்புக்கு மாற்றிக் கூட்டினால், முதல் இயந்திரத்தின் வரவு 10 லட்சத்து 81 ஆயிரம். போட்ட முதல் திரும்பி, 81 ஆயிரம் மிஞ்சுகிறது. இரண்டாவதன் வரவோ 15 லட்சத்து 32 ஆயிரம். போட்ட 16 லட்சத்தில் 68 ஆயிரம் குறைகிறது. இலாபம் என்று தோன்றியது நட்டமாக முடிகிறது! அலுவலகத்தில் கணக்கர் மட்டும் அறிந்திருந்த இந்த உண்மையை, இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறியாளரும் அறிந்திருக்க வேண்டும் என்பதே முதற் பாடம்.

இரண்டாம் கணக்கு: காலம்

கொதிகலன் ஒன்றைப் பழுது பார்க்க ஆலையை நிறுத்துகின்றனர். குழாய்களை மாற்ற 10 நாள், மின் இணைப்புகளுக்கு 6 நாள், வெளிப்பூச்சுக்கு 4 நாள் தேவை. மூன்றும் ஒரே வேளையில் நடைபெறலாம். அவசரப்படும் மேலாளர் எல்லாரையும் விரட்டுவார். இரவும் பகலும் வேலை வாங்குவார். மிகுதிநேரக் கூலியும் கொடுப்பார். பயன் யாது? மின் வேலை 4 நாளில் முடிந்தாலும், பூச்சு வேலை 2 நாளில் முடிந்தாலும், குழாய் வேலை முடியும் வரை ஆலை திறக்கப் போவதில்லை. விரைவுபடுத்த வேண்டியது குழாய் வேலை ஒன்றையே. மற்றவர்களை விரட்டியது வீண் செலவு, வீண் மனக்கசப்பு.

மூன்று வேலைகளில் இது எளிதில் புலப்படும். மூவாயிரம் வேலைகள் ஒன்றையொன்று பற்றி நிற்கும்போது புலப்படுமா? இதற்கெனவே 1957-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தார் ஒரு கணக்கு முறையை வகுத்தனர். 1958-இல் அந்நாட்டுக் கடற்படை, பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக இதையொத்த மற்றொரு முறையை அமைத்தது. பாலங்களும் மின் நிலையங்களும் கட்டும் பொறியாளர்கள் இன்றும் கையாள்வது இம்முறைகளின் வழிவந்தவையே. எல்லாவற்றையும் விரட்டாதே, எது மற்றவற்றைத் தடுத்து நிற்கிறதோ அதனைக் கண்டுபிடி என்பதே இரண்டாம் பாடம்.

மூன்றாம் கணக்கு: மனிதர்

முதலிரண்டு கணக்குகளையும் தாளில் போட்டுவிடலாம். மூன்றாவதை அவ்வாறு போட முடியாது. இதில் தவறியவர்களுள் முன்னோடியான டெய்லரும் ஒருவர். ஒவ்வோர் அசைவையும் கடிகாரத்தால் அளந்து வேலையை வகுத்தால் உற்பத்தி பெருகும் என்று அவர் போதித்தார். கூலியை உயர்த்தவும் அவர் ஆயத்தமாகவே இருந்தார். ஆயினும் 1911-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில் கடிகாரத்துடன் ஆள் வந்து நின்றபோது வார்ப்படத் தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். செய்தி அமெரிக்க நாடாளுமன்றம் வரை சென்று விசாரணையாயிற்று. தங்களைக் கலந்து பேசாமல், தங்களை இயந்திரமாக எண்ணி அளந்ததே அத்தொழிலாளரைப் புண்படுத்தியது.

இக்குறையை உணர்ந்தவர்களுள் தலையாயவர் ஒரு பெண்மணி, பன்னிரு பிள்ளைகளைப் பெற்ற தாய்: லில்லியன் கில்பிரெத். மேலாண்மையின் உளவியல் பற்றி அவர் எழுதிய நூல் 1914-இல் வெளிவந்தபோது, ஆசிரியர் பெண் என்பது தெரியாதவாறு பெயரின் முதலெழுத்துகளே அட்டையில் இடம் பெற்றன. அடுத்த ஆண்டே, 1915-இல், பிரௌன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். தொழிலாளியின் களைப்பு, அவருடைய மனநிறைவு, அவருக்கு ஏற்ற கருவி ஆகியவற்றை ஆராய்வதே தொழிற்பொறியியலின் உயிர் என்று அவர் காட்டினார். 1924-இல் கணவர் இறந்த பின்னரும் தளராமல் உழைத்து, 1935-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பெண்ணுக்கு இப்படிப்பு எதற்கு என்று கேட்போர் எண்ணிப்பார்க்க வேண்டிய வரலாறு இது.

மூன்றாம் கணக்கு பிழைத்தால் விளைவு எத்துணைக் கொடியது என்பதை உலகம் 1986-ஆம் ஆண்டு சனவரி 28 அன்று கண்டது. சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட்ட 73-ஆம் வினாடியில் சிதறி, பள்ளி ஆசிரியை ஒருவர் உட்பட எழுவர் மாண்டனர். உந்துகலத்தின் இணைப்பில் வைத்திருந்த ரப்பர் வளையம் குளிரில் இறுகி, தன் வேலையைச் செய்யத் தவறியதே காரணம்.

இந்த அபாயத்தை அறிந்தவர் எவரும் இல்லாமல் போயினரா? இல்லை! முந்திய இரவே, உந்துகலத்தைச் செய்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், ஏறத்தாழ 12 பாகை செல்சியசுக்குக் கீழான குளிரில் ஏவவேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினர். ரோஜர் பாய்ஸ்ஜாலி என்பவர் அவர்களுள் ஒருவர். விண்வெளி அமைப்பின் அதிகாரிகளோ அம்முடிவை விரும்பவில்லை. அப்போது நிறுவனத்தின் மூத்த அதிகாரி ஒருவர், பொறியியல் பிரிவின் துணைத்தலைவரைப் பார்த்து, பொறியாளரின் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளரின் தொப்பியை அணிந்துகொள்ளுமாறு கூறினார். அவரும் இணங்கினார். முடிவு மாற்றப்பட்டது. ஏவுதளத்தில் இருந்த ஆலன் மெக்டொனால்ட் என்னும் பொறியாளர் ஒப்பமிட மறுத்துவிட்டார். தொலைவிலிருந்த மேலதிகாரி ஒப்பமிட்டு அனுப்பினார். மறுநாள் காலை ஏவும் வேளையில் வெப்பநிலை ஏறத்தாழ 2 பாகையே இருந்தது.

வாசக அன்பர்களே, பொறியியல் மேலாண்மை கற்போர் நெஞ்சில் பதிக்க வேண்டிய நிகழ்ச்சி இது. இப்படிப்பு ஒரு தொப்பியைக் கழற்றி மற்றொன்றை மாட்டிக்கொள்ளும் வித்தையாகுமானால், அதைக் கற்காமல் இருப்பதே மேல். இரண்டையும் ஒருங்கே அணியக் கற்பிப்பதே நல்ல படிப்பு. கீழே நிற்பவன் தயங்கித் தயங்கிச் சொல்லும் எச்சரிக்கையைக் கேட்கும் செவியும், அதனை மேலே இருப்பவரிடம் எடுத்துச் சொல்லும் துணிவும் மூன்றாம் பாடம். பொறியியல் அறியாத மேலாளருக்கு அந்த எச்சரிக்கையின் பொருள் விளங்காது. மனிதரைக் கையாளத் தெரியாத பொறியாளரிடம் அந்த எச்சரிக்கை வந்து சேராது.

பணியை விடாமல் கற்பது எவ்வாறு?

இக்கணக்குகளைக் கற்க வேலையை விட்டுவிட்டுக் கல்லூரிக்குத்தான் செல்ல வேண்டுமா? வேண்டியதில்லை. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1954-ஆம் ஆண்டிலேயே, அருகிலுள்ள நிறுவனங்களின் பொறியாளர்கள் வேலையில் இருந்தவாறே முதுநிலைப் பட்டம் பெற வழி வகுத்தது. 1969 முதல் வகுப்புகளைத் தொலைக்காட்சி வழியாகத் தொழிற்சாலைகளுக்கே அனுப்பியது. ஒளிபரப்பு எட்டாத தொலைவில் சான்டா ரோசா என்னும் ஊரில் ஹியூலெட் பேக்கர்டு நிறுவனத்தின் பிரிவு ஒன்று இருந்தது. 1970-களில் அங்குள்ள பொறியாளர்களுக்கு வகுப்புகளை ஒளிநாடாவில் பதிவு செய்து அனுப்பினர். சிலராக ஒன்றுகூடி நாடாவைப் பார்ப்பர். புரியாத இடத்தில் நிறுத்திவிட்டு, உடன் பணிபுரியும் வழிகாட்டி ஒருவரின் துணையுடன் விவாதிப்பர். முடிவு வியப்பானது: வளாகத்தில் நேரில் அமர்ந்து பயின்றவர்களைவிட இவர்கள் நல்ல மதிப்பெண் பெற்றனர். இந்த ஆய்வு 1977-இல் வெளியிடப்பட்டது. ஆசிரியர் எதிரே இருக்கிறாரா என்பதைவிட, கற்போர் ஒருவரோடொருவர் பேசிக் கற்கின்றனரா என்பதே முக்கியம் என்பதை அது உணர்த்துகிறது. இன்று கணிப்பொறித் திரையில் தனித்திருந்து வகுப்புக் கேட்போருக்கும் இது பொருந்தும். உடன் பணிபுரியும் இருவர் மூவர் சேர்ந்து படிப்பது நலம்.

நம் நாட்டிலும் இதற்கு வழிகள் உள்ளன. எஃகு நகரான ஜாம்ஷெட்பூரில், தொழிலாளர், நிர்வாகம் ஆகிய இரு தரப்பினரின் நன்மையையும் கருதி, இயேசு சபைக் குரு குவின் என்ரைட் 1949-இல் தொடங்கிய சேவியர் தொழிலுறவுக் கழகம், நாட்டின் தலைசிறந்த மேலாண்மைப் பள்ளிகளுள் ஒன்றாக வளர்ந்தது. பகலில் பணிபுரிவோர்க்கான மூன்றாண்டு மாலை வகுப்புகளையும் அது நடத்தியுள்ளது. பிலானியின் பிர்லா தொழில்நுட்ப அறிவியல் கழகம் 1979 முதல் பணியோடு இணைந்த படிப்புகளை நடத்தி வருகிறது. இவற்றில் சேர்ந்தவர் தம் தொழிற்சாலையின் உண்மைச் சிக்கல் ஒன்றையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழிக்கு இங்கு இடமில்லை. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் பணி அனுபவம் உடையோர்க்கான மேலாண்மைப் பட்டப்படிப்பை நடத்துகிறது. 1985-இல் நிறுவப்பெற்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், தொலைநிலையில் எம்.பி.ஏ. படிக்க வாய்ப்பளிக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. விளம்பரத்தைக் கண்டு மயங்கிப் பணத்தைக் கட்டிவிடலாகாது. உரிய ஒப்புதல் இன்றி அஞ்சல் வழியில் பொறியியல் பட்டம் வழங்கிய நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றின் வழக்கில், 2017-ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பை வழங்கியது. 2001 முதல் 2005 வரையில் சேர்ந்தோர் தனித் தேர்வு எழுதித் தேறினால்தான் பட்டம் நிலைக்கும் என்றாயிற்று. அதன் பின் சேர்ந்தோரின் பட்டங்கள் செல்லாதவையாயின. அப்பட்டத்தை நம்பிப் பதவி உயர்வு பெற்றவர்களின் நிலை எத்துணைப் பரிதாபமானது! எனவே சேருமுன் பல்கலைக்கழக மானியக் குழு, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு ஆகியவற்றின் ஒப்புதல் உண்டா எனப் பார்த்தல் வேண்டும். தரப்படுவது பட்டமா, பட்டயமா, வெறும் சான்றிதழா என்பதையும் எழுத்தில் கேட்டறிதல் வேண்டும். தம் நிறுவனம் அதனை ஏற்குமா என்று பணியிடத்திலும் விசாரித்தல் வேண்டும்.

இல்லம் போடவேண்டிய கணக்கு

வகுப்பறையில் கற்பிக்கும் அதே மூன்று கணக்குகளை, வகுப்பில் சேருமுன்னரே இல்லத்தில் போட்டுப் பார்ப்பது அறிவுடைமை.

முதலில் பணம். கட்டணம் 4 லட்சம் ரூபாய், அதற்குரிய வட்டி நூற்றுக்கு 12, படிப்புக் காலம் இரண்டு ஆண்டு, படிப்பால் கூடும் சம்பளம் ஆண்டுக்கு 1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்தபின் ஐந்து ஆண்டுகள் அந்த உயர்வைப் பெற்றாலும், அதன் இன்றைய மதிப்பு 2 லட்சத்து 87 ஆயிரமே, கட்டணமே திரும்பவில்லை. பத்து ஆண்டுகள் பெற்றால் 4 லட்சத்து 50 ஆயிரம். அப்போதே 50 ஆயிரம் மிஞ்சுகிறது. இதன் பொருள் யாது? முப்பத்திரண்டு வயதில் படிப்பவருக்கு ஆதாயமாகும் அதே படிப்பு, பணி ஓய்வை நெருங்கியவருக்குப் பணக்கணக்கில் நட்டமாகலாம். நிறுவனமே கட்டணம் செலுத்துமாயின் கணக்கு மாறும். ஆனால் அதற்கு ஈடாக எத்தனை ஆண்டுகள் அங்கேயே பணிபுரிய ஒப்பந்தம் கேட்கின்றனர் என்பதைப் படித்துப் பார்த்தே கையெழுத்திட வேண்டும்.

இரண்டாவது காலம். வாரத்தில் ஆறு மணி நேரம் வகுப்பு, எட்டு மணி நேரம் படிப்பு என்று கொண்டால், வாரத்திற்குப் பதினான்கு மணி நேரம். இரண்டு ஆண்டுகளில் 1,400 மணி நேரத்துக்கு மேலாகிறது. இவை எங்கிருந்து வரும்? தொழிற்சாலை தன் நேரத்தைக் குறைத்துக்கொள்ளாது. உறக்கத்திலிருந்தும், குழந்தைகளோடு கழியும் மாலைகளிலிருந்தும், ஞாயிற்றுக்கிழமைகளிலிருந்துமே வரவேண்டும். மூத்த பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு, வயது முதிர்ந்த தந்தைக்கு அறுவை மருத்துவம், வீட்டில் மகப்பேறு ஆகியவை எந்த மாதங்களில் வருகின்றன என்பதை நாள்காட்டியில் குறித்துப் பார்த்து, ஓர் ஆண்டு தள்ளிச் சேர்வதில் இழுக்கு ஏதுமில்லை.

மூன்றாவது மனிதர். கணவர் படிக்கும் இரண்டு ஆண்டுகளும் வீட்டுச் சுமையைத் தாங்குபவர் மனைவி. ஆகவே அவருடைய இசைவு இன்றி எடுக்கும் முடிவு, தொழிலாளரைக் கலக்காமல் கடிகாரம் வைத்து அளந்த மேலாளரின் முடிவு போன்றதே. படிக்க விரும்புபவர் மனைவியாக இருந்தாலோ, கணவரும் மாமியாரும் சமையலறையிலும் பிள்ளைகளின் பாடத்திலும் பங்கேற்க முன்வர வேண்டும். “நீ தாராளமாகப் படி” என்று வாயால் சொல்லிவிட்டு, இரவு எட்டு மணிக்கு உணவுக்குக் காத்திருப்பது இசைவு ஆகாது. இல்லத்தில் எவரேனும் தயங்கித் தயங்கி ஒரு கவலையைக் கூறினால், அதைக் காதுகொடுத்துக் கேட்பதிலிருந்தே இப்படிப்புத் தொடங்குகிறது.

மூன்று கணக்குகளும் ஒத்து வருமாயின் தயங்க வேண்டியதில்லை. சம்பளமும் பதவியும் உயர்வது ஒருபுறம் இருக்க, இப்படிப்பின் பயன் பட்டத்தாளில் மட்டும் தெரிவதன்று. பாதுகாப்பற்ற இயந்திரத்தை ஓட்ட மறுக்கும் துணிவாக, கடைநிலை ஊழியர் அஞ்சாமல் வந்து உண்மையைச் சொல்லக்கூடிய திறந்த கதவாக, நிறுவனத்தின் பணத்தைத் தம் பணம்போல் எண்ணிச் செலவிடும் நேர்மையாக அது வெளிப்பட வேண்டும். அத்தகைய மேலாளர் ஒருவர் இருக்கும் தொழிற்சாலையில் நாற்பது தொழிலாளர் காலையில் நம்பிக்கையோடு உள்ளே நுழைவர். மாலையில் நலமாக இல்லம் திரும்புவர். பட்டம் ஒருவருக்கு, பயனோ நாற்பது குடும்பங்களுக்கு என்றால், அதற்காக ஓர் இல்லம் சில ஞாயிறு மாலைகளை விட்டுக்கொடுப்பது தகும் அன்றோ!